நாலாம் மாடிக் காற்று

ஒன்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. திறப்பதற்குத்தான் ஒரு ஜன்னலும் இல்லை. உள்ளே இருக்கும் எண்ணூறு பேரும் மூச்சு விடுவது ஏசிக்காரர் புண்ணியத்தில். அவர் தரைக்குக் கீழே, மெஷின்கள் உறுமும் அறையில், பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தார். மழையா வெயிலா என்பதைச் சுவரில் இருக்கும் மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்வார்.

ஆட்களை அவருக்கு அதிகம் தெரியாது. மாடிகளைத் தெரியும். இரண்டாம் மாடி எப்போதும் புழுங்குகிறது என்று போன் செய்யும். ஏழாம் மாடி எப்போதும் நடுங்கும். இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம் என்பார்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. புகார் வந்தால் "இதோ பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யமாட்டார். டீயைக் குடித்து முடிப்பார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "இப்ப பரவாயில்லை சார், ரொம்ப நன்றி" என்று பதில் வரும். பத்தில் எட்டு புகார் இப்படித்தான் தீர்ந்தது. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் இது. ஆனால் அவர் அளவுக்கு முகம் மாறாமல் செய்கிறவர்கள் குறைவு.

நாலாம் மாடியிடம் மட்டும் அது பலிக்காது. அங்கே அவருடைய மனைவி இருந்தாள்.

அது பார்சல் வராதவர்கள் போன் செய்து சத்தம் போட, அவர்களுக்குப் பதில் சொல்லும் கூடம். அறுபது பேர், அறுபது மேஜை, ஒரு மேஜைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அறுபது வாயும் மூடாது. மகள் பெரியவளானதும் மனைவி இங்கே வேலைக்குச் சேர்ந்து, பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வரிசைக்கே மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள். அந்த வரிசைப் பெண்களுக்கு அவள் அக்கா. ஊரில் எவன் கத்தினாலும் குரலை உயர்த்தாமல் பேசுவாள். உயர்த்துவதெல்லாம் வீட்டில்தான்.

காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து லிஃப்ட் வாசலில் பிரிவார்கள். அவள் மேலே, அவர் கீழே. பத்து மணிக்கு உள்தொலைபேசி அடிக்கும்.

"பாதாளமா? நாலாம் மாடி பேசுறேன். எங்க தலைமேல ஐஸ் கொட்டுது. டீயைக் கீழ வெச்சுட்டு நிஜமாவே எழுந்து போய்ப் பாருங்க."

அவர் எழுந்து போய்ப் பார்ப்பார். வேறு வழி?

அந்த வருஷம் குளிர் சீக்கிரம் வந்தது. வந்ததோடு காற்றும் நின்றுபோனது. பஸ் புகை, அடுப்புப் புகை, குப்பை எரிக்கிற புகை எதுவும் மேலே போக வழியில்லாமல் கூரைகளின் உயரத்திலேயே படுத்துக்கிடந்தது. மதியம் பன்னிரண்டுக்கும் வண்டிகள் விளக்குப் போட்டு ஓடின. குளிருக்குப் பயந்து பஸ்ஸில் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்கள். உள்ளே ஒருவர் இருமினால் கடைசி சீட்டு வரை தலை திரும்பியது.

ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் அறை உண்டு. கூடத்திலிருந்து திரும்பி வரும் காற்றை அது இழுத்து, வடிகட்டி, பதப்படுத்தி, மறுபடி கூடத்துக்கே அனுப்பும். நாலு பங்கு பழைய காற்று என்றால் ஒரு பங்கு வெளிக்காற்று கலக்க வேண்டும். அதற்குச் சுவரில் பலகை பலகையாக ஒரு தகடு இருக்கும். டேம்பர் என்பார்கள். மூடினாலும் காற்று வரும், குளிர்ச்சி வரும், குறை ஒன்றும் தெரியாது. உள்ளே விட்ட மூச்சே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் அதை மூடக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு நாளும் மூடியதில்லை.

புகை வந்த இரண்டாம் நாள் ஒன்பது மாடிகளும் போன் செய்தன. கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது, ஏதோ கருகும் நாற்றம். எட்டு மாடிகளுக்கும் "இதோ பார்க்கிறேன்" என்று சொன்னார். டீ குடித்தார். திரும்பக் கூப்பிட்டார். இப்போது பரவாயில்லை என்றார்கள்.

நாலாம் மாடி அப்படிச் சொல்லவில்லை.

"என்கிட்ட இந்த வேலையெல்லாம் வேணாம். நீங்க அந்த நாற்காலிய விட்டே எழுந்திருக்கல. இங்க பொண்ணுங்க கண்ணைக் கசக்கிக்கிட்டே பேசுதுங்க. எனக்கு நெஞ்செல்லாம் புகை. வர்ற வழிய அடைக்க முடியுமா முடியாதா?"

முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். விதியைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு இழுப்பு வந்த பழைய குளிர்காலம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மேலே போனார். தகட்டை இயக்கும் மோட்டார் எப்போதோ செத்துப்போயிருந்தது. கையால் இழுத்து மூடி, திரும்பத் திறந்துகொள்ளாதபடி கம்பியால் இரண்டு சுற்றுக் கட்டினார். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், புகை விலகட்டும், திறந்துவிடலாம்.

அரைமணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள். நாற்றம் போய்விட்டதாம். பெண்கள் பாதாளத்துக்குச் சிலை வைக்கணும் என்கிறார்களாம். அவர் சிலைக்குக் கையில் டீ கிளாஸ் இருக்க வேண்டும் என்றார். அன்றைக்கு பஸ்ஸில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

புகை பதினொரு நாள் விலகவில்லை.

தினமும் காலையில் அவர் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. ஒன்பது மாடி, ஒன்பது கட்டம், வெளிக்காற்று திறந்திருக்கிறதா என்று. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் ஒன்பது டிக் போட்டுவிடுவார். அந்தப் பதினொரு நாளும் அப்படியே போட்டார். பொய் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. கைக்குப் பழகிய வேலையில் மனம் கலந்துகொள்ளவில்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் இருமிக்கொண்டே வேலைக்கு வந்தாள். லீவு தீர்ந்துவிட்டதாம். அவள் குடிக்க வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன் என்று மனைவி வீட்டில் சொன்னாள். அடுத்த நாள் அந்த வரிசையில் இன்னும் மூன்று பேர் இருமினார்கள். பிறகு கூடத்தின் இந்தக் கோடியில் இரண்டு பேர், அந்தக் கோடியில் நாலு பேர். குளிர்காலம் என்றால் இருமத்தான் செய்வார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

எட்டாம் நாள் மனைவிக்குக் குரல் கட்டியது. போனில் ஒருவன் தன்னை "சார் சார்" என்று கூப்பிட்டதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. பத்தாம் நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் காலையில் படுக்கையில் உட்கார்ந்தபடி, ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் இரண்டு பக்கமும் சளி கட்டியிருக்கிறது என்று வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மாள் கட்டடத்துக்கு வந்திருந்தார். நடு வயது, காலில் ஷூ, கையில் ஒரு சாதாரண நோட்டு. ஒவ்வொரு மாடியிலும் எத்தனை பேர் நோயில் படுத்திருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த ஏசிக்காரரிடம் அதைப் படித்துக் காட்டினார். மூன்றாம் மாடி இரண்டு. ஐந்தாம் மாடி ஒன்று. ஏழாம் மாடி மூன்று. நாலாம் மாடி இருபத்தாறு.

"எல்லாரும் ஒரே லிஃப்ட், ஒரே வாசல், ஒரே கேன்டீன். இங்க மட்டும் என்ன வேற?" என்று கேட்டார்.

ஏசிக்காரர் எழுந்து நடந்தார். அந்த அம்மாள் பின்னாலேயே வந்தார். நாலாம் மாடி மெஷின் அறைக் கதவைத் திறந்து, ஓரமாக நின்று, கையால் காட்டினார். கம்பியை அந்த அம்மாள்தான் அவிழ்த்தார்.

அவர் நல்ல மனுஷி. எழுதிக்கொண்டே சொன்னார், குளிரில் மூக்கு வறண்டுவிடும், கிருமி சுலபமாக ஒட்டும், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தர் விட்ட மூச்சை ஒருத்தர் இழுத்துக்கொண்டிருக்கிறது, புகையால் நெஞ்சு ஏற்கெனவே புண்ணாகியிருக்கும், நாள் முழுக்க பேசுகிற வேலை வேறு. உங்கள் மனைவிக்கு பஸ்ஸில்கூட வந்திருக்கலாம், இந்தத் தகடு ஒன்றுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஏசிக்காரர் தலையாட்டினார். இரண்டு, ஒன்று, மூன்று, இருபத்தாறு என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஏமாற்றிய எட்டு மாடிகளும் நன்றாக இருந்தன.

மேனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். மேனேஜர் கோபப்படவில்லை. இப்போது அதெல்லாம் யோசிக்காதீர்கள், லீவு எடுத்துக்கொண்டு வீட்டம்மாவைப் பாருங்கள் என்றார். மூன்றாம் வரிசைப் பெண்ணின் வீட்டுக்கும் ஏசிக்காரரே போன் செய்து சொன்னார். அவள் தேறிவிட்டிருந்தாள். ஐயோ நீங்க என்ன சார் பண்ணுவீங்க, நாங்கதானே அக்காகிட்ட சொல்லச் சொன்னோம் என்று அழுதாள்.

திட்டத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவளிடம் சொல்லிவிட வேண்டும், அவள் என்ன சொல்கிறாளோ அது போதும் என்று மூன்று நாள் மனசுக்குள் சொற்களை அடுக்கினார். பார்வை நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து. முதல் நாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் விழித்திருந்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, பால்காரர் விசாரித்ததைச் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் சொன்னார்.

"புகை வருதுன்னு சொன்னியே, அன்னிக்கு வெளிக்காத்த அடைச்சுட்டேன். அடைக்கக் கூடாது. தெரிஞ்சேதான் அடைச்சேன். அப்புறம் திறக்கவே இல்ல. உங்க கூடத்துல இருபத்தாறு பேரு. மத்த மாடியில ஒண்ணு, ரெண்டு, மூணுதான்."

ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே அவள் கண்கள் அவரையே பார்த்தன. கூட்டல் கணக்குப் போடுகிற மாதிரி, ஒவ்வொன்றாக. பிறகு கையைத் தூக்கி முகமூடியை இழுத்துக் கீழே விட்டாள். உதடு பிரிந்தது. "நீங்க" என்றாள்.

பக்கத்துக் கட்டிலருகே இருந்த நர்ஸ் ஓடிவந்தார். "என்னம்மா இது, பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது. சார், அவங்களப் பேச வைக்காதீங்க." முகமூடியை மாட்டி, பட்டையை இறுக்கினார். கட்டிலருகே மெஷினில் ஆக்ஸிஜன் எண் இறங்கியிருந்தது. ஐந்து மணி ஆக இன்னும் இருபது நிமிஷம் இருந்தும் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அவள் திருப்பிக்கொண்டாளா, நர்ஸ் திருப்பி வைத்தாரா தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் பஸ்ஸில் இருந்தார்.

மகள் வேறு ஊரில் பள்ளிக்கூட டீச்சர். விஷயம் தெரிந்து வந்து சேர்ந்தபோது அம்மாவைத் துணியால் மூடியிருந்தார்கள். எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, ஒரு மத்தியானம் அடுக்களையில் நின்று தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றபடி அவளிடமும் சொன்னார். எட்டு மாடியை ஏமாற்றியது, கம்பி, டிக், எல்லாம். அவள் கை நிற்காமல் கேட்டாள்.

"அம்மாகிட்ட சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மாஸ்க்கை எடுத்தா. 'நீங்க'ன்னா. அதுக்குள்ள நர்ஸ் வந்து மாட்டிட்டாங்க."

மகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு அம்மாவின் வாய் அப்படியே தெரியும். அந்த வாய்தான் அவளுக்கும் வந்திருந்தது.

"திட்டியிருப்பாங்க" என்றாள். "உங்கள விட்டிருக்க மாட்டாங்க."

"ஆமா."

திட்டிவிட்டு அதோடு விட்டிருப்பாள், அல்லது விட்டிருக்க மாட்டாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் எல்லாத் திட்டுக்கும் முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்திருக்கலாம் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாய் திறக்கப் போகிறாள் போலிருந்தது. பிறகு அடுத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.