தொட்டி முதலில், தெரு பிறகு

தீவில் எல்லோரும் அவரைச் சலவை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நரைத்துப்போன படகுக்காரர்கூட அக்கா என்பார். “உனக்கு முன்னாடியா நான் பொறந்தேன்?” என்று அவரும் சலிக்காமல் கேட்பார். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அவருடைய கொட்டகைக்குத்தான் வந்தன. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மிஷின்கள் ஓயாது. காற்றுக்காலம் வந்துவிட்டால் படகு வருவதே அரிது. கடைத்தெருவில் பாதிக் கதவுகளுக்குப் பூட்டு விழும்.

அந்தத் தெருவின் நடுவில் அவருடைய தம்பி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். சமையலில் ஒரு குறை சொல்ல முடியாது. வாசலில் நின்று மூச்சு விடத்தான் முடியாது. திறந்து கிடந்த சாக்கடையைத் தாண்டி உள்ளே வர வெளியூர்க்காரர்களுக்கு மனசு வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினார்கள். கரையோர விடுதிகளிலேயே சாப்பிட்டுவிட்டுப் படகேறினார்கள்.

தெருவைச் சீராக்க வேண்டும் என்றுதான் அக்கா ஊர்மன்றத் தேர்தலில் நின்றார். வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவன் தம்பி. நல்லபடியாக ஜெயித்தார். அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் நிதியும் வரப்போகிறது என்ற செய்தியோடு ஒருநாள் தம்பியின் சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

“அடுத்த சீசனுக்குள்ள தெரு முடிஞ்சிடும்டா. நீ செய்யணும்னு நினைச்சதைத் தைரியமா செய்” என்றார்.

தம்பி வெகுநாளாக நினைத்திருந்தது, கடையின் முன்சுவரை இடித்துவிட்டுப் பெரிய கண்ணாடி போட வேண்டும், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் தெருவைப் பார்க்க வேண்டும் என்பது. வேலை தொடங்கட்டும், பிறகு இடிக்கலாம் என்று அவன் மனைவி தயங்கினாள். அக்காவே சொன்ன பிறகு இன்னும் யார் சொல்ல வேண்டும் என்று அவன் மறுவாரமே கடப்பாரையை எடுத்துவிட்டான்.

வரைபடத்தோடு இன்ஜினியர் வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. புதுச் சாக்கடைக்கு மூடி உண்டு. ஆனால் அது தெருவின் கழிவையும் விடுதிகளின் கழிவையும் மொத்தமாக வாரிக்கொண்டுபோய், ஊருக்குப் பின்னால் கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழியில் கொட்டும். சுத்திகரிப்புத் தொட்டி கட்டினால்தான் அந்தத் தண்ணீர் தெளிந்து போகும். இரண்டையும் ஒரே வருடத்தில் முடிக்க நிதி போதாது. இன்ஜினியர் எதையும் மறைக்கவில்லை. தெரு முதலில் என்றால், தொட்டி வரும்வரை எல்லா அழுக்கும் நேராகக் கழிக்குத்தான் போகும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

கடைக்காரர்கள் தெருதான் முதலில் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பிழைப்பே அந்தச் சில மாதங்களில்தான். இன்னொரு சீசனை யார் விடுவார்கள்?

ஆனால் அந்தக் கழியை அக்கா அறிவார். தொழில் தொடங்கிய புதிதில் அவருடைய சோப்புத் தண்ணீரும் அங்கேதான் போனது. குழாய் வாயைச் சுற்றிக் கடல்புல் பழுத்தது, பிறகு இருந்த இடம் தெரியாமல் போனது. அங்கே கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு மறுகரைக்கு நகர்ந்தார்கள். அதன்பின் அவர் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். புல் மட்டும் அங்கே திரும்ப முளைக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாளே முடிவு செய்துவிட்டார். தம்பியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கடைத்தெருவுக்குப் போனார். அவன் ஏணிமேல் நின்று சட்டம் பொருத்திக்கொண்டிருந்தான். கண்ணாடி வந்து சேர்ந்துவிட்டது என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். அக்காவுக்கு வாய் வரவில்லை. ஒருவேளை தன் ஓட்டு இல்லாமலே தெரு ஜெயித்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் மன்றத்தில் இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றது. மிச்சம் இருந்தது அக்கா ஒருவர்தான்.

“தொட்டி முதல்ல. தெரு அப்புறம்” என்று கையைத் தூக்கினார்.

துணிக்கடைக்காரர் எழுந்து கத்தினார். பின்பெஞ்சில் இருந்த தம்பியும் எழுந்தான். அக்காவை ஒருமுறை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த சீசனில் தொட்டிக்கு மண் ஏற்றிய வண்டிகள் கடைத்தெரு வழியாகத்தான் போயின. மறைக்கச் சுவர் இல்லை. திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். கண்ணாடிமேல் ஓயாத புழுதி. காற்றுக்காலம் தொடங்கியதும் தம்பி கடையைக் காலி செய்துவிட்டான். படகுத்துறையில் அவன் மனைவிதான் “போயிட்டு வரோம் அண்ணி” என்றாள். அவன் மூட்டைகளை அடுக்குவதிலேயே மும்முரமாக இருந்தான்.

தொட்டி முடிந்தது, பிறகு தெருவும் முடிந்தது. கல் பாவிய தரை, மூடிய சாக்கடை, மாலையில் நடப்பதற்கென்றே வருகிற கூட்டம். கழியில் புல் பிழைத்துக் கிடந்தது. இறால்காரப் பெண்களின் பிழைப்பும் தப்பியது. அன்று அக்கா செய்ததுதான் சரி என்று துணிக்கடைக்காரரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தம்பியின் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது யாரோ தொப்பி விற்கிறார்கள்.

ஒருமுறை மிஷினுக்குப் பெல்ட் வாங்க அக்கரைக்குப் போனவர், தேடிப்பிடித்துத் தம்பியின் கேன்டீனுக்குப் போனார். ஒரு தொழிற்சாலை வாசலில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. அவனே இலை போட்டுப் பரிமாறினான். தெரு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டான், அக்கா சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அன்னிக்கு நான் பண்ணது தப்புன்னு நினைக்கிறியா?”

தம்பி துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தான்.

“ஓட்டுப் போட்டது தப்புன்னு நான் எப்பவும் சொல்லலக்கா. அந்தக் கழியில நீச்சல் கத்துக்கிட்டவன்தானே நானும்? ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஊரோட உட்கார்ந்து, ஊர்ல ஒருத்தனாத்தான் எனக்கும் தெரிஞ்சுது.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்துவிடச் சொன்னார். பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது, வருடம் முழுக்க வேலையும் இருக்கிறது என்று அவன் மெதுவாகவே மறுத்தான். படகுக்கு நேரமாகிவிட்டதென்று அவனே நினைவுபடுத்தி, பேருந்து வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான்.

அடுத்த தேர்தலில் அக்கா நிற்கவில்லை. ஊரே கேட்டும் சலவை வேலையைச் சாக்குச் சொன்னார். காற்றுக்காலத்தில் மிஷின்கள் ஓயும்போது தம்பிக்கு ஃபோன் செய்வார். பிள்ளைகள் படிப்பு, மழை, முழங்கால் வலி என்று கொஞ்ச நேரம் ஓடும். பிறகு இரண்டு பக்கமும் பேச்சு தீர்ந்துவிடும். ஆனாலும் அவனே வைக்கட்டும் என்று, அவர் ஃபோனைக் காதிலேயே வைத்திருப்பார்.