பாலைவனத்தில் ஒரு புயல் முன்னெச்சரிக்கை

போன ஞாயிறு திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்காகக் காத்திருந்தேன். எதிர் வரிசையில் என் மனைவியின் தம்பி. "மாமா, தண்ணி போதுமா... இன்னொரு அண்டா வைக்கச் சொல்லவா?" என்றான்.

வரிசை மொத்தமும் சிரித்தது. ஆக, விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன பயன்? அவன் கூட்டிச் சொல்வதற்கு முன் நானே உள்ளது உள்ளபடி உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் பிறந்தவன். வாக்கப்பட்டது சிதம்பரம். மனைவி வசந்தா அங்கே சமூக அறிவியல் டீச்சர். நான் ரிட்டையர் ஆகி ஒரு வருடம் ஆகிறது. அவருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் பாலைவனமும் கோட்டையும் வரைந்து தள்ளியவர், இரண்டையும் நேரில் பார்த்ததில்லை. "பாக்காததையே எத்தினி வருஷம் மாமா சொல்லிக் குடுக்கறது?" என்று கோடை விடுமுறை விட்டதும் ராஜஸ்தானுக்கு டிக்கெட் போட்டுவிட்டார்.

மே மாதத்தில் பாலைவனத்துக்கு யார் போவார்கள்? டீச்சரும் டீச்சரின் கணவரும்தான் போவார்கள்.

எங்கள் தேவனாம்பட்டினத்திலும் ஒரு கோட்டை உண்டு. விசாரித்துக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம். ஜோத்பூரில் அந்தச் சிரமமே இல்லை. ஊரின் எந்தச் சந்தில் நின்று நிமிர்ந்தாலும் கோட்டைதான். ஏறுவதற்குள் எனக்கு நுரை தள்ளிவிட்டது. வசந்தா முன்னால் ஏறிக்கொண்டே, அதன் கதவில் ஏன் யானை உயரத்துக்கு ஆணி அடித்திருக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்க மூச்சு இருந்தால்தானே?

அங்கிருந்து ஜெய்சால்மர். மைசூர்பாகு நிறத்தில் ஒரு கோட்டை. உள்ளே ராஜா இல்லை, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். கோட்டைக்குள்ளேயே ஒரு வீட்டின் மாடியில் எங்களுக்கு ரூம்.

வீட்டுக்காரர் பெயர் பன்வர். வாசலில் நின்று, "வாங்க சார், வாங்க டீச்சர், சாப்டீங்களா?" என்றார். நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். சிதம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவராம். அந்தச் சேமிப்பில்தான் மாடியில் மூன்று ரூம் கட்டியிருக்கிறார். அவர் மனைவிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பெயர் கங்கா. பாலைவனத்தில்!

வந்த அன்றே பன்வர் ஒன்று சொன்னார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அதை ஏற்றிவைக்க ஒரே ஒரு டேங்க். பார்த்துச் செலவு பண்ண வேண்டும். டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டுவேனே, அதே மாதிரி ஆட்டினேன்.

வசந்தா கோட்டையை விட கங்காவைத்தான் அதிகம் வேடிக்கை பார்த்தார். காய் கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகிறது. துணி அலசிய தண்ணீர் முற்றம் துடைக்கிறது. பாத்திரத்துக்கு முதலில் சாம்பல், கடைசியில்தான் ஒரு கை தண்ணீர். ஒரு சொட்டும் ஒரே வேலையோடு தப்பிக்க முடியாது. வசந்தா இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம். நாக்பூரிலிருந்து ஆறு பேர் கொண்ட குடும்பம் ரயிலில் வருகிறது. மீதி இரண்டு ரூமும் நான்கு நாளைக்கு அவர்களுக்கு. எங்களுக்கு முன் ஒரு மாதமாக ஆளே வராத வீட்டுக்கு முதல் பெரிய புக்கிங். பன்வர் அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பெண்கள் இருவரும் காய் வாங்கப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்.

திடீரென்று மேற்கே வானம் பழுப்பாகியது. காற்று ஊளையிட்டது. ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கரண்ட் போய்விட்டது.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்றால் கடலூர்க்காரன் என்ன செய்வான்? யோசிக்கவே மாட்டான். கரண்ட் போகும், மோட்டார் ஓடாது, நாலு நாளைக்குத் தண்ணீர் கிடைக்காது — இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பு! ஊரை விட்டு எவ்வளவு தூரம் போனால்தான் என்ன? பயம் நம் பெட்டியிலேயே ஏறிக் கூட வந்துவிடுகிறது.

முற்றத்துக் குழாயைத் திறந்தேன். பக்கெட், குடம், பித்தளை அண்டா, குக்கர், சப்பாத்தி மாவு பிசைகிற பேசின்... ஒன்றையும் விடவில்லை. கடைசி குடம் நிரம்பும்போது குழாய் இருமிவிட்டு நின்றது. சரியான நேரத்தில் முடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

மழை வரவில்லை. மணல் வந்தது.

ரூமுக்குள் ஓடிப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். அரை மணி கழித்து வெளியே வந்தால் முற்றம் முழுக்க பாத்திரம் பாத்திரமாக டீ.

முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு பெண்கள் திரும்பி வந்தார்கள். வசந்தா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"என்ன மாமா இது?"

"புயல்னு நெனச்சி..."

"கடல் எங்க மாமா இருக்குது?"

சமூக அறிவியல் டீச்சரைக் கட்டியவனுக்கு இது தேவைதான்.

ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்று பன்வரும் திரும்பி வந்தார். மாடிக்குப் போய் டேங்கைத் தட்டிப் பார்த்தார். கீழே இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: "ஆறு பேரு சார். வந்ததும் குளிக்கணும்னு போன்லயே சொல்லிட்டாங்க. தண்ணி நாளைக்குக் காலையிலதான் வரும். லாரியும் இந்தச் சந்துல ஏறாது."



வசந்தா என்னைப் பார்க்கவில்லை. பன்வரிடம், "வீட்ல படிகாரம் இருக்கா?" என்றார். அவர் பதில் சொல்வதற்குள் கங்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு கட்டிப் படிகாரம்.

இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற கலங்கல் தண்ணீரை வசந்தா அப்படித்தான் தெளிய வைப்பார். கங்காவுக்கு இது வருடா வருடம் நடப்பது. ஒருவர் படிகாரத்தைக் கலக்க, இன்னொருவர் தட்டு போட்டு மூடிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள் — எதையும் தொடாமல் தள்ளி நிற்பது.

தெளியட்டும் என்று காத்திருந்தபோது பன்வர் தானாகவே பேச ஆரம்பித்தார். சிதம்பரத்துக்கு வந்த புதிதில் ஐப்பசி மழை கொட்டியதாம். கடையில் விற்பனைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பக்கெட்டையெல்லாம் தெருவில் வரிசையாக வைத்து மழையைப் பிடித்தாராம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு! முதலாளி ஒரு வாரம் சிரித்தாராம்.

"நீங்க சிரிக்கலாம் சார். அவ்ளோ தண்ணி சும்மா சாக்கடைக்குப் போவுது. எனக்கு அழுகையே வந்திடுச்சி."

நான் சிரிக்கவில்லை.

தெளிந்த தண்ணீரை இறுத்து வடிகட்ட மெல்லிய துணி வேண்டும் என்றார்கள். கோட்டை முன்னால் போட்டோவுக்கென்று எடுத்துவந்த என் பட்டுக்கரை வேட்டி போயிற்று. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். சுனைத் தண்ணீர் மாதிரி இறங்கியது. நானும் அவரும் மறுநாள்வரை குளிப்பதில்லை என்று வசந்தா அறிவித்தார். அடியில் தங்கிய கலங்கல் முற்றம் துடைக்கப் போயிற்று.

நாக்பூர்க் குடும்பம் சாயங்காலம் வந்து சேர்ந்தது. டேங்க் காலி, குழாய் வராது. பக்கெட் பக்கெட்டாக மாடிக்குத் தூக்க வேண்டும். யார் தூக்குவது? லுங்கியை மடித்துக் கட்டினேன். தலை, புருவம், மீசை எல்லாம் மணல். ஆறு பேருக்கும் ஏற்றி முடிப்பதற்குள் ஜோத்பூர் கோட்டையையே இரண்டு முறை ஏறியது போல ஆகிவிட்டது.

குளித்துப் பளிச்சென்று வந்த குடும்பத் தலைவர் என் தோளில் தட்டிக்கொடுத்து, கையில் ஒரு ஐம்பது ரூபாயைத் திணித்தார்.

பன்வர் பதறிப்போய் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். வசந்தா கையமர்த்தினார்.

"விடுங்க பன்வர்... ரிட்டையர் ஆனப்புறம் மாமா சம்பாரிக்கிற மொதக் காசு."