தழும்பு படத்தில் நல்லா விழணும்

மற்ற ஸ்டூடியோக்காரர்கள் முகத்துத் தழும்பை அழித்துப் பிழைக்கிறார்கள். நான் அதைப் பளிச்சென்று காட்டிப் பிழைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, கல்யாணம் எல்லாம் உண்டுதான். ஆனால் வக்கீல்கள் மத்தியில் எனக்குப் பெயர் 'தழும்பு போட்டோக்காரர்'. யாரோ ஒருத்தருடைய அஜாக்கிரதையால் உடம்பில் அழியாத அடையாளம் வாங்கிக்கொண்டவர்கள், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதற்கு முன்னால் என் ஸ்டூலில் வந்து உட்காருவார்கள். கோர்ட்டு வாசலில் பெயர் கூப்பிடக் காத்துக் கிடந்தவர்களுக்கும், ஸ்டூடியோ லைட்டுக்கு முன்னால் வேர்த்துக் கொட்டியவர்களுக்கும் நான் சொல்லப்போவது நன்றாகவே புரியும். என் வாடிக்கையாளர்கள் பாவம், இரண்டையும் ஒரே நாளில் அனுபவிக்கிறவர்கள்.

முதல் படம்

இந்த வேலைக்கு என்னை இழுத்துவிட்டவர் எங்கள் சந்தின் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீலம்மா. ஒருநாள் அவர் ராஜபாளையத்துக்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் வேலை பார்ப்பவர், பெயர் முருகேசன். பஜாரில் நடந்து போகும்போது ஒரு கடையின் இரும்புச் சட்டம் போட்ட விளம்பரப் பலகை சரிந்து நெற்றியில் விழுந்திருக்கிறது. கயிற்றைச் சரியாகக் கட்டாத கடைக்காரர், காற்றுமேல் பழியைப் போட்டுவிட்டார். முருகேசனின் புருவத்துக்கு மேலே ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தழும்பு. நான் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

எங்கள் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது ஜெனிபர். முகத்தில் பரு இருந்தால்கூடச் சொல்லாமலேயே துடைத்துவிடுவாள். கை பழகின பழக்கம். அன்றைக்கும் அப்படித்தான். பிரிண்ட் வந்தபோது முருகேசனின் நெற்றி கண்ணாடி மாதிரி இருந்தது. வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெனிபர் நாக்கைக் கடித்துக்கொண்டு பழைய படத்தைத் தேட ஆரம்பித்தாள். முருகேசன் மட்டும் படத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்து, கிட்டக் கொண்டுவந்து பார்த்து, வக்கீலம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்: "கேஸு தோத்தாலும் பரவால்ல, இதுல ரெண்டு காப்பி போட்டுக் குடுங்க."

முகமும் தெரியணும்

தழும்பை மட்டும் எடுத்தால் போதாது, ஆளின் முகமும் அதே படத்தில் தெரிய வேண்டும் என்பது வக்கீலம்மாவின் சட்டம். இல்லாவிட்டால் எதிர்க்கட்சி வக்கீல், இது வேறு யாருடைய தழும்போ என்று சொல்லிவிடுவாராம். கை, கால், கழுத்து என்றால் எனக்கு ஒன்றும் சிரமமில்லை. ராஜபாளையத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருத்தர் வந்தபோதுதான் திண்டாட்டமாகிவிட்டது. அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் மினி பஸ் பள்ளத்தில் இறங்கி ஏற, சீட்டுக்கு அடியில் பிய்ந்து கிடந்த தகரம் அவரைக் கிழித்துவிட்டது. சீட்டு கிழிந்திருப்பதை டிரைவரும் கண்டக்டரும் அறிவார்கள். அதன்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். எந்த இடத்தில் கிழித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து கடையில் அவரால் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிகிறது.

ஜெனிபரை டீ வாங்கி வர அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். முகத்தைப் பார்த்தால் தழும்பு மறைகிறது, தழும்பைப் பார்த்தால் முகம் மறைகிறது. பெரியவர் கட்டிலில் குப்புறப் படுப்பதுபோல் பெஞ்சில் படுத்துப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். நடுநடுவே "தேவுடா" என்று தெலுங்கில் முனகிக்கொண்டார். கடைசியில் முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே முகத்தைத் திருப்பிச் செத்த நேரம் அசையாமல் பார்க்கச் சொன்னேன். படம் அருமையாக அமைந்துவிட்டது. கேமராவில் அதைப் பார்த்தவர் வேட்டியை இறுகக் கட்டிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்: "வர்ற ஜட்ஜு பொம்பள ஜட்ஜா இருந்தா கேஸ வாபஸ் வாங்கிருவேன்னு வக்கீலம்மாட்ட சொல்லிருங்க தம்பி."

சிரிக்காதீங்கண்ணே

மாடசாமி அண்ணன் சுந்தரபாண்டியத்தில் வாழை போட்டிருப்பவர். விடியும் முன்னே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வண்டியில் போனவரைத் தெருவுக்குக் குறுக்கே தாழ்வாகத் தொங்கின கேபிள் டிவி கம்பி வாயோரம் இழுத்துத் தள்ளிவிட்டது. தொங்குகிறது, தூக்கிக் கட்டுங்கள் என்று அந்தத் தெருக்காரர்கள் முன்னமே சொல்லியும் கேபிள்காரர்கள் வரவில்லை. உதட்டு ஓரத்திலிருந்து காதுப்பக்கம்வரை தையல்.

ஸ்டூலில் உட்கார வைத்து ஸ்கேலைத் தழும்புக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி லைட்டைப் போட்டேன். அவர் சிரித்தபடி இருந்தார். கோர்ட்டுக்குப் போகிற படம், செத்த சிரிக்காம இருங்கண்ணே என்றேன். சரி தம்பி என்றார். மறுபடி பார்த்தால் அதே சிரிப்பு. போட்டோ என்றாலே சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும், அந்த ரகம் போல என்று நினைத்து, வீட்டுக் கஷ்டம் எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. வாய் மட்டும் சிரித்தது. கேமராவை இறக்கிவிட்டுக் கிட்டப் போனபோதுதான் விளங்கியது. தழும்பு சுருங்கி உதட்டை ஒருபக்கமாக மேலே இழுத்து வைத்திருக்கிறது. அவர் சிரிக்கவே இல்லை.

மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அவரே என்னைத் தேற்றுவதுபோல, எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஒன்றும் தப்பில்லை என்றார். பொறவு லைட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எழவு வீட்டுக்குத்தான் போக முடியல தம்பி, போனா இவன் எதுக்கு இளிக்கான்னு கேக்காவ."

கூண்டில் நான்

அவர் சொன்னதை அன்றைக்கே வக்கீலம்மாவிடம் சொன்னேன். மனுவில் வலி, வைத்தியம், வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் இருந்தன. இது மட்டும் இல்லை. மாடசாமி அண்ணன் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வக்கீலம்மா பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே எழுதிச் சேர்த்தார்.

படத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கேபிள் கம்பெனியின் வக்கீல் படத்தை உயர்த்திப் பிடித்தார். மனுதாரர் மிகுந்த மன உளைச்சலில் இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் இந்தப் படத்தில் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாரே என்று கேட்டார். கோர்ட்டில் இருந்தவர்கள்கூட லேசாகச் சிரித்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் அய்யா, சிரிக்காதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை என்பது கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்றேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாடசாமி அண்ணனை முன்னால் வரச் சொன்னார். கடைசியாக எந்தத் துஷ்டி வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டார். சொந்தப் பெரியம்மா இறந்தபோது வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பியதை அண்ணன் சொன்னார். சொல்லும்போது கண்ணீர் வழிந்தது. முகம் அதே சிரிப்பில் இருந்தது. கேபிள் வக்கீல் படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு பொறவு அண்ணன் பக்கம்தான் வந்தது. உதட்டைச் சரிசெய்ய மதுரையில் ஆபரேஷன் செய்துகொள்ளும் செலவையும் கம்பெனியே கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது விசாரணை முடிந்த அன்று டீக்கடையில் நடந்ததுதான். எங்கள் பெஞ்சுக்கு அந்தக் கேபிள் வக்கீலே வந்து, நான் கேட்டது என் பிழைப்பு அண்ணாச்சி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மாடசாமி அண்ணன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வச்சுக்கிட்டாலும் எம் மூஞ்சில தெரியாது சார், நீங்க கவலப்படாமப் போங்க."

நல்ல டாக்டரால் வந்த நஷ்டம்

வ. புதுப்பட்டியிலிருந்து ஒருத்தர் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ இடித்து முழங்காலுக்குக் கீழே தையல் போட்டிருந்தது. ஆட்டோக்காரர் போன் பேசிக்கொண்டே ஓட்டியது உண்மை. இவர் விழுந்ததும் உண்மை. ஆனால் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தால் தழும்பைக் காணோம். லைட்டைக் கூட்டினேன், குறைத்தேன், பக்கவாட்டில் போட்டேன். மச்சினன் விரலால் ஒரு இடத்தைத் தொட்டு, இங்கதான் இருந்துச்சு என்றான். தைத்த டாக்டர் அம்புட்டு நேர்த்தியாகத் தைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு டாக்டர்மேல் வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. ஆட்டோக்காரரைக்கூட அவ்வளவு ஏசவில்லை.

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் லேசாக ஒரு கோடு மட்டும் இழுத்துவிட முடியுமா என்று ஜெனிபரிடம் போய் நின்றார். ஆத்தா மேல் சத்தியமாக அந்த இடத்தில் காயம் இருந்தது என்றும் சொன்னார். ஜெனிபர் நாற்காலியைக்கூடத் திருப்பாமல் பதில் சொன்னாள்: "அண்ணே, எனக்குச் சம்பளம் அழிக்கத்தான், வரையறதுக்கு இல்ல."

வாய்தாவில் பழக்கம்

ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் மகேஸ்வரி, தோழி கல்யாணத்துக்காக ஒரு பியூட்டி பார்லரில் முடியை நேராக்கப் போனாள். மருந்தைத் தடவிவிட்டுப் பார்லர்காரம்மா சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார். எரிகிறது என்று இவள் சொன்னதற்கு, அழகு வேணும்னா செத்த எரியத்தான் செய்யும் என்று பதில் வந்ததாம். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துவரை தோல் வெந்து, செம்மண் பூசியதுபோல ஒரு தழும்பு நின்றுவிட்டது. சமாதானம் பேச வந்த பார்லர்காரம்மா, இவள் கல்யாணத்துக்கு இலவசமாக மேக்கப் போட்டுவிடுகிறேன் என்றாராம். மகேஸ்வரியின் அப்பாவுக்கு வழக்கே வேண்டாம். ஊருக்கெல்லாம் தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று பயம். தழும்பு கழுத்தில்தானே இருக்கிறது, ஊர் முன்னமே பார்த்துவிட்டது என்று அவள் சொல்லிவிட்டு, நேராக வக்கீலம்மாவிடம் வந்துவிட்டாள். என் ஸ்டூலில் முடியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் முகத்தில் இருந்த கோபம், தழும்பைவிடத் தெளிவாகப் படத்தில் விழுந்தது.

நுகர்வோர் கோர்ட்டில் அவள் கேஸ் வாய்தாமேல் வாய்தாவாகப் போனது. அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் ஒவ்வொரு தடவையும் ஒரு இளைஞன். வாங்கின மாதமே நின்றுபோன ஃப்ரிட்ஜுக்காக வழக்குப் போட்டவன், பெயர் சரவணன். முதலில் வக்கீல் வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டார்களாம். பொறவு டீ. பொறவு அவளுக்கு வாய்தா இல்லாத நாளிலும் அவன் அங்கே வந்து நின்றிருக்கிறான். மகேஸ்வரி ஜெயித்தாள். அந்தப் பணத்தில் சொந்தமாக இரண்டு தையல் மெஷின் போட்டாள். அவள் அப்பா அந்தப் பையன் வீட்டுக்கே நேரில் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார்.

கல்யாண பேனருக்குப் படம் எடுக்க இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஜெனிபர் இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக, கழுத்துத் தழும்பு இருக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றுதான் மகேஸ்வரி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் யோசிக்காமல், காட்ட வேண்டிய இடத்தில் காட்டியாயிற்று, எடுத்துவிடுங்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் போதும் என்றாள். ஃப்ரிட்ஜ் என்ன ஆயிற்று என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறதாம். கோர்ட்டின் தாமதத்தைப் பற்றி நான் வழக்கமான புலம்பலை ஆரம்பிக்கப் போக, அவன் என்னைத் தடுத்துவிட்டுச் சொன்னான்: "வாய்தாவத் திட்டாதீங்க அண்ணாச்சி, மொத நாளே தீர்ப்பு சொல்லிருந்தா எனக்கு ஃப்ரிட்ஜுதான் கெடச்சிருக்கும்."

நான் கண்ட மட்டில் காயம் சீக்கிரம் ஆறிவிடுகிறது, தழும்பு தன்பாட்டுக்கு நின்றுவிடுகிறது, கேஸ் மட்டும்தான் ஓய்வில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது. அது நடக்கிற புண்ணியத்தில் என் கடையும் நடக்கிறது.