கியர்பாக்ஸுக்குச் சொன்ன பொய்

என் அக்காவின் கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களைப் பெங்களூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு அதிகம். மூன்று வருஷம் முன்பு பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார், ஆட்டோமேட்டிக் கியர். ஏழு பேர் உட்கார்ந்து ஏசியும் போட்டால் வண்டி திணறியது.

“லாரியைத் தாண்டவே பயமா இருக்குதும்மா. எல்லாருக்கும் பண்றியே, எனக்கும் பண்ணிக் குடேன்” என்றார்.

இன்ஜின் கம்ப்யூட்டரைத் திருத்துவது என் தொழில். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இன்ஜின் சோதனைப் பிரிவில் இருந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஷெட் எடுத்து லேப்டாப்போடு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பொம்பளை என்ன செய்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிறகு வண்டியோடு வந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்போதைய கார்களில் ஆக்சிலேட்டரை மிதித்தால் டீசல் நேராக இன்ஜினுக்குப் போவதில்லை. இவ்வளவு இழுவை வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்பதுதான் அந்த மிதி. அந்த இழுவையை டார்க் என்போம். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு டீசலை விடும். விட்ட டீசலை வைத்து, இன்ஜின் இப்போது எவ்வளவு இழுக்கிறது என்று இன்னொரு கணக்கும் போடும். விடை எல்லையைத் தாண்டினால் தானே டீசலைக் குறைத்துவிடும். அந்த எல்லைகளை ஒவ்வொன்றாகத் தேடி முறையாக உயர்த்த நாட்கள் ஆகும். குறுக்கு வழியில் இருபது நிமிஷம் போதும். இரண்டாவது கணக்கின் அட்டவணையில் எண்களைக் குறைத்து எழுதிவிட்டால், இன்ஜின் முந்நூற்று முப்பது இழுத்தாலும் கம்ப்யூட்டர் இருநூற்று எழுபது என்று நம்பும். நிறையப் பேர் செய்வதுதான். மாமா வண்டிக்கு நானும் அதைத்தான் செய்தேன்.

மாகறல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், பெங்களூரிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வாலாஜா தாண்டி ஒரு லாரியை முந்தப் போய் அழுத்தி மிதித்திருக்கிறார். இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் வந்த பஸ்ஸால் நிற்க முடியவில்லை. மாமாவின் வலது கால் முழங்காலிலும் அதற்குக் கீழேயும் உடைந்தது.

நொறுங்கிய காரை என் ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். கேபிளைச் சொருகி கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரைப் படித்தேன். உள்ளே, இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் தட்டுகள் பல வாரமாகவே நழுவிக்கொண்டிருந்ததாகப் பதிவாகியிருந்தது. கியர்பாக்ஸ் இழுவையைத் தானாக அளப்பதில்லை. இன்ஜின் சொல்லும் டார்க் எண்ணை நம்பி, அந்த அளவுக்குத்தான் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும். நான் குறைத்து எழுதிய எண்ணை அதுவும் நம்பியிருக்கிறது. தட்டுகள் நழுவி நழுவிக் கருகிவிட்டன. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. யோசிக்கவில்லை.

பழைய வண்டி, கியர்பாக்ஸ் போய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் போனேன். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப என் மேல தப்பு இல்லியாம்மா?”

“இல்ல மாமா. நான் எழுதினதுதான்.”

“அந்த எடத்துல தாண்டியிருக்கக் கூடாதுன்னு, இத்தினி நாளா என்னையே திட்டிக்கினு இருந்தேன்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா வராந்தா வரைக்கும் கூடவே வந்தாள். “நீ வீட்டுக்கு வராதே. எப்ப வரணும்னு நானே சொல்றேன்” என்றாள்.

அதே முறையில் நான் திருத்திக் கொடுத்த ஆட்டோமேட்டிக் வண்டிகள் இன்னும் ஒன்பது இருந்தன. எல்லோரையும் போனில் கூப்பிட்டு, பழையபடி மாற்றித் தருகிறேன், வாருங்கள் என்றேன். ஐந்து பேர் வந்தார்கள். நன்றாக ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். காரணத்தைச் சொன்னேன், போனை வைத்துவிட்டார். மற்ற மூவர் எடுக்கவே இல்லை. அந்த நான்கு வண்டிகளும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த டார்க் கணக்கை அதன் பிறகுதான் அடியிலிருந்து படித்தேன். இப்போது எண்கள் உண்மையைச் சொல்லும்படி மட்டுமே எழுதுகிறேன். அதற்கு நாளாகும் என்பதால் முன்போல யாரும் வருவதில்லை.

மாமாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் சீட்டுக் கொடுக்கிறார். ஒருமுறை அந்த வழியாகப் போனபோது என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் நிற்கவில்லை.

போன மாதம் அக்கா பெண்ணுக்குக் காது குத்தினார்கள். பத்திரிகை அம்மா பேருக்கு மட்டும் வந்திருந்தது. அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு, நான் போய் ஷெட்டைத் திறந்தேன்.