மூஸ் மூக்கும் அம்மாவின் கல்லும்

வின்னி அக்காவை வெறும் பிடிவாதக்காரி என்று சொல்பவர்கள் அவளைக் குறைத்துச் சொல்கிறார்கள். அறுபத்தெட்டு வயதிலும் கனடாவின் யூகானில் எங்கள் ஏரியின் தென்கோடிக்குத் தானே படகோட்டிப் பயணிகளைக் கூட்டிப்போகிறாள். காற்று எழும்பினால் நான் படகு விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வேன். அவளோ ஏரியையே அதட்டுவாள்.

பயணிகள் பார்க்க வருவது, 1898இல் தங்கம் தேடி வந்த கூட்டம் ஒரே குளிர்காலத்தில் எழுப்பிவிட்டுப் போன ஊரை. இப்போது அங்கே இருப்பதெல்லாம் சரிந்த தேவாலயம், துருப்பிடித்த கொதிகலன், வெள்ளை வேலி போட்ட சில கல்லறைகள். குளிரில் விறைத்துச் செத்த எவனோ ஒருவனின் வேலிக்கு ஆண்டுதோறும் வண்ணம் அடிக்கிறார்கள். அடிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அங்கிருந்து பத்தடியில் வின்னியின் அம்மா கிடக்கிறாள். அடையாளத்துக்கு நட்ட மரக்கட்டை மக்கிப்போய்ச் சாணளவுதான் மிச்சம். இந்த ஆகஸ்டில் ஒரு தம்பதி சரியாக அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள்.

வின்னி அவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"ஏரி உறையறதுக்குள்ள அம்மாவுக்குக் கல்லு நிக்கணும்டி. இன்னொரு கோடைக்கு அவங்க மேல எவனும் உக்காரக் கூடாது."

கல் வந்து நான்கு வருஷமாகிவிட்டது. அவள் படகுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நடத்தான் ஆளில்லை. எங்கள் பழங்குடியில் காகம், ஓநாய் என்று இரண்டே கூட்டம்; பெண் கொடுப்பதும் எடுப்பதும் எதிர்க் கூட்டத்தில்தான், பிள்ளை அம்மா வழி. அம்மா காகக் கூட்டம், அதனால் வின்னியும் காகம். காகம் செத்தால் குழி தோண்டுவதும் கல் நடுவதும் ஓநாய்க் கூட்டத்தின் வேலை. சொந்தக் கூட்டத்தார் அழலாம், வேலை முடிந்தபின் விருந்து வைத்து அந்தக் கைகளைக் கௌரவிக்கலாம். தொடக் கூடாது. வெளியூர்க்காரியான எனக்கு முப்பது வருஷத்துக்கு முன் பெயர் சூட்டிக் காகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பெருமைதான். ஆனால் இந்தக் காரியத்துக்கு நானும் உதவாக்கரை.

"படகுல வர்ற பயணிங்களைத் தூக்கச் சொன்னா என்னக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அவங்க எங்கம்மாவுக்கு யாருடி? பெண் கொடுத்தவங்களா, எடுத்தவங்களா? பேச்சைப் பாரு!"

ஊரில் தெம்போடு மிஞ்சியிருந்த ஓநாய்கள் எல்மரும் அவருடைய தங்கை மகள் டெஸ்ஸும்தான். கேட்க வேண்டியது பெரியவரான எல்மரை. எதிர்க் கூட்டம் என்பதால் அவர் வின்னிக்கு மச்சான் முறை. சின்ன வயதிலிருந்து ஒருவரையொருவர் கிண்டலடித்தே வளர்ந்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன், அவள் மூன்று நாள் தடம் பிடித்துப் போன மூஸ் மானை இவர் குறுக்கே வந்து சுட்டுவிட்டார். கறியை ஊருக்கெல்லாம் பங்கிட்டார். மூக்கை மட்டும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மூஸில் மூக்குதானே ருசி! அன்றோடு பேச்சு நின்றது.

"அவனே வந்து நான் செய்யறேன்னு சொல்லட்டுமே," என்று நான்கு வருஷம் காத்திருந்தாள். எப்படி வருவார்? துக்கக்காரர்கள் கேட்காமல் எதிர்க் கூட்டம் கை வைப்பது எவ்வளவு பெரிய மரியாதைக்கேடு! அது அவளுக்குத் தெரியாதா என்ன? வீம்பு கண்ணை மறைத்தது. இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டலாமா என்றுகூட எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் மலையுச்சி பனியில் வெளுத்தது. அதைப் பார்த்த அன்றே வின்னி நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். எல்மர் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"மச்சான்," என்றாள். குரல் ஒரு நூல்கூட நடுங்கவில்லை. "எங்கம்மாவுக்குக் கல்லு நடணும். நீங்க வந்து செஞ்சு கொடுக்கணும்."

எல்மர் கோடாரியைக் கீழே வைத்தார்.

"நாலு வருஷமா கல்லு கிடக்கு. இதைக் கேக்க இவ்வளவு நாளா? வாயில என்ன, மூஸ் மூக்கா வச்சிருந்தே?"

"அதைத்தான் நீ முழுங்கிட்டியே!"

டெஸ் உள்ளிருந்து குபீரென்று சிரித்தாள். மறுநாள் விடியலில் எல்மரும் அவளும் கல்லைப் படகில் ஏற்றினார்கள். நான் எப்போதும்போல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

அங்கே போனதும் வின்னி மக்கிய கட்டையைக் காட்டினாள். எல்மர் தலையசைத்து மறுத்தார்.

"அது கால்மாடு. தலைமாடு இந்தப் பக்கம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"குழி தோண்டினது எங்க மாமா. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. தீ மூட்டி மண்ணை இளக்கினோம், நான்தான் மண்ணை அள்ளி வெளியே போட்டேன்."

வின்னி பக்கத்தில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தாள். ஆறு வயதில் அரசாங்கத்தார் அவளை வீட்டிலிருந்து பிரித்து, பழங்குடிப் பிள்ளைகளை அடைத்துவைக்கும் தொலைதூரப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது வயதில் வீட்டுக்கு வந்தபோது அம்மா மண்ணுக்குள். 'எனக்காக ஒருத்தரும் காத்திருக்கல' என்பதை நான் அவள் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இருவரும் தோண்டினார்கள். கல்லை நிமிர்த்தும்போது அது இடப்பக்கம் சாய்ந்தது. டெஸ் பல்லைக் கடித்து முட்டுக்கொடுத்தாள். வின்னி சட்டென்று எழுந்தாள்; நான் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

கல் நேராக நின்றது. எல்மர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அஞ்சு நாள் வச்சிருந்தோம், தெரியுமில்ல?"

"எதை?"

"உங்கம்மாவைத்தான். உன்னை அனுப்பச் சொல்லி ஸ்கூலுக்கு ரெண்டு தடவை ஆள் போச்சு. அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. ஆறாவது நாள்தான் மண்ணுல வச்சோம். அப்பவும் மாமா ஏரியைப் பார்த்துப் பார்த்துத்தான் மூடினாரு, ஒருவேளை வந்துடுவியோன்னு."

வின்னியின் முகம் வெளிறிப்போனது. "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன், மச்சினி."

வேலை முடிந்துவிட்டது, இனி அவள் தொடலாம். எழுந்து போய் மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கையையும் கல்லில் அழுத்தினாள். எதற்கும் கலங்காதவள் என்று ஊரே நினைத்திருந்த அந்த மனுஷி ஓவென்று அழுதாள்.

"நான் வரலைன்னு நினைச்சிடாதம்மா," என்றாள். "அவங்க விடலைம்மா."