கிருசாந்தி ஷ்மிட்டின் தகப்பன்

டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஒரு மாடி வீட்டுக் கதவின் முன்னால், ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டும் மறு கையில் இறால் குழம்பு வாளியுமாக என் அத்தான் நின்ற கோலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் திக்கென்கிறது. கதவில் பளபளவென்று ஒரு பெயர்ப்பலகை. ‘கிருசாந்தி ஷ்மிட்.’ கிருசாந்தி அவருடைய ஒரே பிள்ளை. ஷ்மிட் யார்?

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் குணசேகரம். என் அக்கா புஷ்பராணியின் கணவர். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க் வந்தவர். கிரின்ஸ்டெட்டில் குடியமர்த்தினார்கள், அங்கேயே இருந்துவிட்டார். இரும்பு உருக்கி வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அத்தானுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தொலைபேசியில் கதைத்தாலே அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார்கள். மகள் என்றால் மட்டும் மனிதர் உருகிப்போவார்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரைத்தான் போட்டுக்கொள்வோம். அதனால் இந்த நாட்டின் பதிவில் அத்தான் குணசேகரம் வல்லிபுரம். அக்காவின் பெயருக்கும் மகளின் பெயருக்கும் பின்னால் குணசேகரம். வாசல் தபால்பெட்டியில் இப்படி இரண்டு பெயர் தொங்குவதைப் பார்த்த தபால்காரர், அங்கே இரண்டு குடும்பம் இருக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் வாழ்நாளில் ஒரே ஒரு தரம்தான் மாறும், கழுத்தில் தாலி ஏறும்போது. அந்தப் பலகையைப் பார்த்த அத்தான் வேறு எதைத்தான் நினைப்பார்?

“மச்சான், பெட்டை கலியாணம் கட்டிட்டாள்,” என்றார். “எனக்கும் சொல்லேல்ல, தாய்க்கும் சொல்லேல்ல.”

அக்காவிடம் இதை யார் சொல்வது? அத்தான் ஹேர்னிங்கில் என் வீட்டு வாசலில் வந்து, “வாடா, பிள்ளையின்ர புதுவீட்டைப் பாத்திட்டு வருவம்” என்று காரில் ஏற்றியபோது, ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருக்கலாம்.

கதவு திறந்தது. “அப்பா! மாமா! வாங்கோ வாங்கோ,” என்று கிருசாந்தி சிரித்தாள். அத்தானின் கண் வாசலில் இருந்த சப்பாத்து அடுக்கில் இருந்தது. எல்லாம் பொம்பிளைச் சப்பாத்து. குசினிக்குள் எட்டிப் பார்த்தார். படுக்கையறையைப் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து பல்துலக்கியைக்கூடப் பார்த்தார், ஒன்றுதான் இருந்தது.

“எங்க ஆள்?”

“எந்த ஆள் அப்பா?”

“உன்ர புருசன். ஷ்மிட்.”

அவளுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். “புருசனும் இல்லை, ஒருத்தரும் இல்லையப்பா. நான்தான் ஷ்மிட்.”

அத்தான் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். அவள் விளக்கினாள். இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்திருக்கும் குடும்பப் பெயரை இந்த நாட்டில் யாரும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஷ்மிட் ஆயிரக்கணக்கானவர்களிடம் இருக்கிறது. கணினியில் விண்ணப்பித்தாளாம், தேவாலய அலுவலகம் மாற்றிக் கொடுத்ததாம். குணசேகரம் மாதிரி அரிய பெயரென்றால் சட்டம் பாதுகாக்கிறதாம், வெளியார் தொட முடியாதாம். தொடுவதற்கு இங்கே யார் வரிசையில் நிற்கிறார்கள்!

“தேவாலயமோ? நாங்கள் சைவமெல்லே!” என்று கத்தியது நான். இந்த நாட்டில் யாருடைய பிறப்பையும் பெயரையும் அவர்கள்தான் பதிகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அதிர்ச்சியில் எல்லாம் மறந்துபோயிற்று.

அத்தான் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் மெல்லக் கேட்டார். “உண்மையா ஒருத்தனும் இல்லையோ?”

“இல்லையப்பா.”

“ஒருத்தன் இருந்திருந்தால் சண்டை பிடிச்சிருப்பன். பிறகு கூப்பிட்டு இருத்திச் சாப்பாடும் போட்டிருப்பன். ஒருத்தனுமே இல்லாமல் என்ர பேரைக் கழட்டி எறிஞ்சிருக்கிறாய், பிள்ளை.”

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கைத்தொலைபேசியில் ஷ்மிட்டைத் தேடினேன். ஜெர்மன் பெயர். அர்த்தம், கொல்லன். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் ஊருக்கொரு கொல்லன் இருந்ததால், செய்த தொழிலே பெயராகி ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டதாம். அங்கே முல்லர் என்ற பெயருக்கு அடுத்தபடி அதிகம் பேருக்கு இருப்பது இதுதானாம். எல்லை தாண்டி, நாங்கள் இருக்கும் யூலாந்துக்கும் வந்திருக்கிறது. சுத்தியல் பிடித்தவன் செத்துப் பல நூறு வருடம், பெயர் இன்னும் கதவுகளில் இருக்கிறது. என் பாட்டனின் தகப்பன் பெயர் எனக்கே தெரியாது. இதையெல்லாம் மனதுக்குள் வைத்திருக்கலாம். புத்தி கெட்டுப்போய், “கொல்லன் எண்டு அர்த்தமாம் அத்தான்,” என்று உரத்துச் சொல்லிவிட்டேன்.

“கொல்லனோ!” என்று அவர் துள்ளி எழுந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பு உருக்கிய சம்பளத்தில் மகளைப் படிப்பித்த மனிதர் இவர்! எத்தனை எல்லை தாண்டி வந்தார், எத்தனை சாமான்களை வழியில் விட்டுவிட்டு வந்தார், இந்தச் சாதிக் குப்பையை மட்டும் ஒரு இடத்திலும் விட மனம் வரவில்லை.

“ஏன் பிள்ளை? ஏன் இப்பிடிச் செய்தனி?” என்று கேட்டார்.

அவள் டெனிஷில் தொடங்கி, தகப்பன் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். கணக்காய்வுப் படிப்பை நல்ல புள்ளியோடு முடித்துவிட்டு எல்லா இடத்துக்கும் எழுதியிருக்கிறாள். ஒருவரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. பெயரை மாற்றி, ஏற்கெனவே மறுத்த ஒரு அலுவலகத்துக்கே திரும்ப எழுதினாள். “அதே படிப்பு, அதே புள்ளி, அதே படம் அப்பா. பேர் மட்டும்தான் வேற. உடன வரச்சொல்லிட்டினம்.”

“அப்ப… என்ர பேராலையோ?”

அவள் நிலத்தைப் பார்த்தாள். அத்தானின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிள்ளைக்குக் குறையில்லாமல் எல்லாம் கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவர். கொடுத்தவற்றில் ஒன்றுதான் அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பேச்சை மாற்ற நினைத்து, “மாத்தினது மாத்தினாய், ஊரெல்லாம் இருக்கிற ஜென்சனை எடுத்திருக்கலாமே. உந்த ஜெர்மன்காரன் எதுக்கு?” என்றேன்.

அவள் சீறினாள். “ஜென்சன் எண்டால் ஜென்ஸின்ர மகன் மாமா. நீல்சன் எண்டால் நீல்ஸின்ர மகன். இன்னொரு அப்பாவின்ர பேரை நான் எப்பிடிப் போடுறது? ஷ்மிட் ஒருத்தற்ர அப்பாவும் இல்லை. அது ஒரு வேலை, அவ்வளவுதான்.”

அவள் கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடாமல் அத்தான் எழுந்து படியிறங்கினார்.

அதன்பிறகு அவர் மகளோடு பேசவில்லை. அவள் தொலைபேசி எடுத்தால் அக்காதான் கதைப்பாள். மாதங்கள் இப்படியே போயின. கிருசாந்தி பெரிய கணக்காய்வாளர் பரீட்சையில் தேறியதும் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு ரிசெப்ஷன் வைத்தார்கள். வைன், சின்னச் சின்னப் பாண் துண்டுகள், மேசையில் கொண்டாட்டத்துக்கு வைக்கும் டெனிஷ் கொடி. வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். முதல்நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, அப்பா கட்டாயம் வரவேணும். ஆனா அங்க பேரைப் பற்றிக் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் மாத்தினது அவையளுக்குத் தெரியாது. தெரிஞ்சால் எனக்குப் பெரிய வெக்கம்.”

சொன்னேன். “ம்,” என்றார் அத்தான். அந்த ‘ம்’மை நான் நம்பவில்லை. இந்த வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை அத்தனை பேர் முன்னால் நாறடித்துவிடுவார், அவளும் இனி வீட்டு வாசல் மிதிக்க மாட்டாள்.

கிருசாந்தியின் மேலதிகாரி நல்ல உயரமான மனிதர். நேராக எங்களிடம் வந்து கையை நீட்டினார்.

“நீங்கள்தான் கிருசாந்தியின் அப்பாவா? ஷ்மிட், இல்லையா?” என்று டெனிஷில் கேட்டார்.

கிருசாந்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கூரை பறக்கப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“யா,” என்றார் அத்தான், நீட்டிய கையைப் பிடித்தபடி. “ஷ்மிட்.”

கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தான்தான் சொன்னார். மேலதிகாரி மகளை வாயாரப் புகழ்ந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

காரில் ஏறும்போது கிருசாந்தி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள். “சிரிச்சிட்டுப் பேசாமல் நிண்டிருக்கலாமே அப்பா. ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?”

அத்தான் ஆசனப் பட்டியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் மருந்துக்கும் கோபம் இல்லை.

“இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து, பிள்ளை, என்ர பேரைக் கேட்டவன் ஒருத்தன் ‘என்ன? திருப்பிச் சொல்லுங்கோ’ எண்டு கேளாமல் விட்டது இண்டைக்குத்தான்,” என்றார்.