டீமேக்கர் ஐயா கொடுத்த காதுமூடி

என் மூத்த மகனுக்குத் தலையில் எதுவும் படக்கூடாது. எண்ணெய் வைக்கப் போனால் ஓடுவான். தை மாதத்துக் குளிரில் குல்லாய் மாட்டினால் கழற்றி எறிவான். முடி வெட்டுகிற நாளில் அவன் போடுகிற சத்தம் கீழ் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. இப்போது அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், பயிற்சி என்று என்னென்னவோ செய்கிறார்கள். நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்த பெயர் ஒன்றுதான்: செவிடு.

நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பார்கள். முதல் அடி விழுந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான்.

"செவிட்டுப் புள்ளைக்கு எதுக்குங்க காதப் பொத்தணும்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்பேன்.

"அதிர்ச்சி ஒடம்புல தெரியுமாம். மருந்து ஐயா சொன்னாரு," என்பார்.

மருந்து ஐயா என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவர் சொன்னால் என் வீட்டுக்காரருக்கு வேதவாக்கு. நான் சொன்னால் வாயாடி.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனோம். வாத்தியார் நல்ல மனிதர்தான். ஆனாலும் காது கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கையை விரித்துவிட்டார். கொழும்புப் பக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்று இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுப்பார்கள் என்றார். என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்கப்புறம் அவன் என்ன செய்வான்? அங்க போனா ஒரு தொழிலாச்சும் கத்துக்குவான்ல," என்றார். அவர் சொன்னது பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான். எனக்கோ மனம் ஒப்பவில்லை. யார் கை பட்டாலும் அலறுகிற பிள்ளையை, சோறும் தயிரும் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளையை, முகம் தெரியாத ஊரில் யார் பார்ப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் காது டாக்டர் ஒருவர் கொழும்பிலிருந்து கருவியோடு வருகிறார் என்று தெரிந்தது. போனோம். மேசைமேல் ஒரு பெட்டி. அதிலிருந்து வயர் வந்து, ஒரு வளைந்த தகட்டின் இரண்டு முனையிலும் கறுப்பு வட்டங்கள். ஹெட்போன் என்றார்கள். அதைப் பிள்ளையின் தலையில் மாட்டினால், பெட்டி எழுப்புகிற சத்தம் காதில் கேட்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாமாம். நர்ஸ் அம்மா மெல்ல அவன் தலைக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான். ஹெட்போன் ஒருபக்கம் பறந்தது, நர்ஸ் அம்மாவின் தொப்பி ஒருபக்கம் பறந்தது. பெட்டியை டாக்டர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டதால் அது தப்பியது.

டாக்டர் கோபப்படவில்லை. சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் அம்மா தமிழில் சொன்னார்.

"அடுத்த தடவை டாக்டர் வார நேரம் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள இத மாதிரி ஒண்ணத் தலையில போட்டுப் பழக்குங்க. அன்னைக்கும் போடலன்னா, கேக்காதுன்னுதான் எழுதி, அந்தப் பள்ளிக்கு அனுப்புவாங்க."

திரும்பி வரும்போதே முடிவு கட்டிவிட்டேன். தலைகீழாக நின்றாவது இவன் தலையில் அதை மாட்ட வேண்டும்.

எங்கள் தோட்டத்து டீமேக்கர் ஐயா, ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் தேயிலை போடுகிறவர், ரேடியோப் பைத்தியம். பெரிய ரேடியோ வாங்குவதற்கு முன்னால் தானே கம்பி சுற்றிச் செய்த ஒரு குட்டி ரேடியோ வைத்திருந்தார். அதை ஹெட்போன் மாட்டித்தான் கேட்க முடியும். போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அலமாரிக்கு மேலே கிடந்த ஹெட்போனைத் தூசு தட்டிக் கொடுத்தார்.

"ஒடச்சிராத," என்றார்.

நான் உடைக்கவில்லை. அதைவிட மோசமான வேலை செய்தேன். எங்கள் லயத்தில் புதிதாக எது வந்தாலும், மண்வெட்டியோ சைக்கிளோ, முதலில் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகும். ஹெட்போனையும் கொண்டுபோனேன். பூசாரி பக்தியோடு அர்ச்சனை செய்து, காது வைக்கிற இரண்டு பக்கமும் சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கொடுத்தார். சந்தனம் ஓட்டைகளுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. ரேடியோவில் மாட்டிப் பார்த்த டீமேக்கர் ஐயாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"இது காதுல வைக்கிறதா, நெத்தியில வைக்கிறதா?" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, என் கொண்டை ஊசியையே வாங்கி ஒவ்வோர் ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தேன்.

பிறகு பழக்குகிற படலம். ஹெட்போனைக் கண்டாலே அவன் கதவைப் பார்ப்பான். பஞ்சு வைத்துத் தைத்தேன். பஞ்சுக்கு மேல் என் கல்யாணச் சேலையின் ஓரத்தைக் கிழித்துப் பட்டாகச் சுற்றினேன். பூப்போலக் கொண்டுபோய்ப் பூப்போல வைத்தேன். வைத்த வேகத்தில் எறிந்தான். என் வீட்டுக்காரர் தகட்டை விரித்து விரித்துத் தளர்த்தினார். தளரத் தளர அவன் சத்தம்தான் கூடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவில் குடியிருந்த மதினிக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் மாட்டிக்கொண்டால் அவனும் மாட்டுவான் என்றாள். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, காதில் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலரும் மாட்டிக்கொண்டார்கள். அந்த வழியே வந்த கங்காணி நின்று பார்த்தார்.

"என்னங்கடி, லயத்துல எல்லாருக்கும் காதுவலியா?" என்றார்.

"ஆமாங்க, நீங்க போடுற சத்தத்துல வந்ததுங்க," என்றாள் மதினி.

என் மகன் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரட்டை ஒன்றைத் தரையில் சுழலவிட்டு, அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் முழுக்கக் காதில் சிரட்டையோடு உட்கார்ந்திருக்க, அது தேவைப்படுகிறவன் மட்டும் ராஜா மாதிரி விளையாடினான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வழி அவனே காட்டினான். மழைநாள் ஒன்றில் வேலை முடிந்து வந்து கூடையை இறக்கி வைத்தேன். விறகுச் சுள்ளி போட்டுக் கொண்டுவந்ததால் நல்ல கனம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற கூடையை நாங்கள் முதுகில் போட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொள்வோம். பாரம் முழுக்கத் தலையில்தான் இறங்கும். நான் அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இவன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த ஈரக் கயிற்றை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்து இழுக்கிறான். கயிறு தலையை அழுத்துகிறது. கூடை அசையவில்லை. இவன் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான்.

எண்ணெய் வைக்க விடாத தலை. குல்லாய் மாட்ட விடாத தலை. அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். விரலால் மெல்லத் தொட்டால் அலறுகிறான். குல்லாய் பட்டும் படாமலும் இருக்கும், அதை எறிகிறான். கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில் போய் நசுங்கிக்கொண்டு படுத்தால் அங்கேயே தூங்கிவிடுகிறான். நாங்களோ பாவம் பிள்ளை பாவம் பிள்ளை என்று பட்டும் பஞ்சுமாகச் சுற்றியிருக்கிறோம். அவனுக்கு வேண்டியது அழுத்தம்.

அன்றைக்கே பஞ்சைப் பிய்த்து எறிந்தேன். மதினி வீட்டுப் பிள்ளை விளையாடுகிற குட்டிக் கூடையை வாங்கி, அதில் ஈரக் கொழுந்தை அடைத்து அவன் முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டினேன். லயத்து வாசலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"என்ன மதினி, இப்பவே தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சாச்சா?" என்று என்னைக் கேட்டாள் மதினி.

கயிறு பழகிய பிறகு, கயிற்றுக்கு அடியில் ஹெட்போனை வைத்தேன். கையை மேலே கொண்டுபோனான். தொட்டுப் பார்த்தான். கையை இறக்கிவிட்டான். நாள் போகப் போகக் கொழுந்தைக் குறைத்தேன், கூடையை எடுத்தேன், கயிற்றையும் எடுத்தேன். தளர்த்திய தகட்டை என் வீட்டுக்காரர் மறுபடி நெருக்கி வளைத்துக் கொடுத்தார். வளைத்துவிட்டுத் தன் தலையில் மாட்டிப் பார்த்து, வலிக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

டீமேக்கர் ஐயா தன் குட்டி ரேடியோவையே எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். வயரை மாட்டி, ஊசியை நகர்த்தி, எங்கேயோ பிடித்தார். என் மகன் அப்படியே உறைந்துபோனான். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான். கழற்ற விடவே இல்லை. ஐயா சாயங்காலம் வரை எங்கள் வாசலில் காத்திருந்து தேத்தண்ணிக்கு மேல் தேத்தண்ணி குடித்தார்.

"இவன் செவிடுன்னா நான் ஊமை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் எழுதப்போவது டீமேக்கர் ஐயா இல்லையே. டாக்டர் வருகிற நாள் வந்தது. நுவரெலியாவுக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு கையாலும் அவன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன்.

நர்ஸ் அம்மா இந்தத் தடவை தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். ஹெட்போனை மாட்டினார். அது பெரிய ஆட்களுக்கு அளவானது. தலையில் நிற்காமல் ஆடியது. என் மகன் கையைத் தூக்கினான், முகம் கோணியது.

"அழுத்திப் புடிங்கம்மா, அழுத்திப் புடிங்க," என்றேன். கையால் பிடித்தால் சத்தம் சரியாகத் தெரியாது என்றார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். டாக்டர் முன்னால் வெறுந்தலையோடு நின்று, அந்தத் துண்டை மடித்து, பிள்ளையின் உச்சந்தலையில் ஹெட்போன் தகட்டுக்கு மேலாகக் கொண்டுவந்து, தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பச் சொன்ன அதே மனிதர். மகனின் கை கீழே இறங்கியது.

டாக்டர் பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை 'ம்ம்ம்' என்று ஒரு ஒலி எழுப்பினான். டாக்டர் நிறுத்தினார். அவனும் நிறுத்தினான். வேறு குமிழைத் திருப்பினார். இவன் குரலை மேலே ஏற்றி 'ம்ம்ம்' என்றான். டாக்டர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். இவனும் குறைத்துக்கொண்டே போனான். கடைசியில் டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"எங்க எல்லாரையும் விட இவருக்கு நல்லாக் கேக்குதாம்," என்றார் நர்ஸ் அம்மா. "அந்தப் பள்ளிக்கு அனுப்பத் தேவையில்லையாம். ஏன் பேச்சு வரலன்னு டாக்டருக்குத் தெரியாதாம். வீட்டுல வச்சு நெறையப் பேசுங்கன்னு சொல்றாரு."

நான் நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அழுதேன், வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். பிள்ளை போகவில்லை. பிள்ளை என்னோடுதான்.

பிற்பாடு வாத்தியார் அவனை வகுப்பில் சேர்த்து, கடைசி வாங்குப் பலகையில் உட்கார வைத்தார். விஷயம் தெரிந்ததும் மதினி மார்பில் கைவைத்து, "அடி ஆத்தி, அப்ப நான் எம் மாமியாளப் பத்திப் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டா உக்காந்திருந்தான்?" என்றதும், அன்றிலிருந்து அவனுக்குத் தனியாகப் பணியாரம் கொடுத்து வந்ததும் பெரிய கதை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கு நானுஓயாவில் ரயில் ஏறினோம். நான் வாயை மூடவில்லை. அது மேகம், அது அருவி, அந்தா போறது லொறி என்று அவன் காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் என் வீட்டுக்காரர் தலைப்பாகைத் துண்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். செவிடு என்று மருந்து ஐயா சொன்ன நாளிலிருந்து அவர் மகனைக் கூப்பிட்டதே கிடையாது. கேட்காத பிள்ளையை எதற்குக் கூப்பிடுவது என்று விட்டுவிட்டார்.

தலவாக்கலை தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"ராசா," என்றார்.

அவன் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கேட்டுருக்கும்ல?" என்றார்.

"கேட்டுச்சுங்க," என்றேன்.

முன்னால் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டார். ஹட்டன் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.